வேலிக்காத்தானைப் படிக்க எங்கே போவது? வேலூர் மாணவருக்கு நான்கு வழிகள்

“செக்யூரிட்டி வேலைக்குப் போறதுக்கு எதுக்கும்மா எம்.எஸ்சி.?”

குடியாத்தத்தில் ஓர் அப்பா மகளிடம் இப்படிக் கேட்டிருக்கிறார். மகள் பி.எஸ்சி. விலங்கியல் முடித்தவள். நியூசிலாந்தில் பயோசெக்யூரிட்டி என்று ஒரு மேற்படிப்பு இருக்கிறது என்பதையும், அதற்கு எவ்வளவு ஆகும் என்பதையும் ஒரே மூச்சில் வீட்டில் சொல்லிவிட்டாள். அப்பா காதில் விழுந்தது செக்யூரிட்டியும் லட்சங்களும்தான். “சார், இவருக்கு என்ன பதில் சொல்றது?” என்று எனக்கு எழுதிக் கேட்டாள்.

அதே மாதம் இன்னும் இரண்டு பேர். ஆரணிப் பக்கம் பி.எஸ்சி. வேளாண்மை முடித்த ஒரு பையன், பூச்சியியலா வெளிநாடா என்று கேட்டான். ராணிப்பேட்டையில் தோல் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் ஆவணப் பிரிவில் இருக்கும் தாவரவியல் பட்டதாரி, வேலையை விட்டுவிட்டுப் படிக்கப் போகலாமா என்று கேட்டார். மூவர் மனதிலும் இருப்பது ஒரே படிப்பு. ஆனால் மூவருக்கும் ஒரே பதில் சொன்னால் இரண்டு பேருக்காவது அது தப்பாகத்தான் இருக்கும். நெடுநாள் தாவரவியல் வகுப்பில் நின்றவன், வகுப்பை விடப் பாலாற்று மணலில் அதிகம் நடந்தவன் என்ற முறையில் எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

## இது என்ன படிப்பு

அந்த அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். வேலூரில் பயோ என்று தொடங்கினாலே ஆஸ்பத்திரி, லேப், வைரஸ் என்றுதான் நினைப்பு ஓடும். இங்கே பேசுவது வேறு. வெளியிலிருந்து வரும் பூச்சி, களை, மீன், நத்தை, நோய்க்கிருமி எதுவும் நம் வயலையும் காட்டையும் கெடுக்காமல் தடுப்பது. மீறி வந்துவிட்டால் பரவுமுன் ஒழிப்பது. அதுவும் கை மீறினால் அடக்கி வைப்பது. உயிரிப் பாதுகாப்பு என்றும் அயல் ஊடுருவல் மேலாண்மை என்றும் இரண்டு பெயரில் வரும்.

இந்த வேலை மூன்று இடங்களில் நடக்கிறது. எந்தப் படிப்பு என்று கேட்பதற்கு முன்னால், நீங்கள் எந்த இடத்தில் நிற்க ஆசைப்படுகிறீர்கள் என்று பாருங்கள்.

முதல் இடம் வாசல். துறைமுகம், விமான நிலையம், எல்லை. 1914-ஆம் ஆண்டின் அழிவுப் பூச்சிகள் சட்டமும், அதன் கீழ் வந்த 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணையும் இங்கே ஆளுகின்றன. நமக்குப் பக்கத்தில் மீனம்பாக்கத்தில் இருக்கிறது தாவரத் தொற்றுத்தடுப்பு நிலையம். வாசல் வேலை நம் ஊருக்குத் தூரமானது என்று நினைக்க வேண்டாம். ஆம்பூரிலிருந்தும் ராணிப்பேட்டையிலிருந்தும் காலணியும் தோலும் ஏறும் மரப் பலகைத் தட்டுகளை, அதாவது பேலட்டுகளை, ஒரு தடவை உற்றுப் பாருங்கள். கோதுமைக் கதிர் போன்ற ஒரு முத்திரை சுட்டிருக்கும். அந்த மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியசில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டது, அல்லது புகை போட்டுப் பூச்சி நீக்கப்பட்டது என்று அதற்குப் பொருள். ஐ.எஸ்.பி.எம். 15 என்ற பன்னாட்டு விதி. முத்திரை இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் சரக்கு எவ்வளவு உயர்ந்ததானாலும் அக்கரைத் துறைமுகத்தில் மாட்டிக்கொள்ளும்.

இரண்டாவது இடம் வயல். புதிதாக வந்து இறங்கியவை இங்கே. 2016-ல் பொள்ளாச்சியில் தென்னையில் கண்டுபிடிக்கப்பட்ட சுருள் வெள்ளை ஈ இன்று குடியாத்தம் பக்கத் தோப்புகளிலும் மட்டைக்கு அடியில் வெள்ளைச் சுருளாக உட்கார்ந்திருக்கிறது. அதன் கழிவில் வளரும் கரும்பூசணத்தால் கீழே நிற்கும் வாழை இலைகூடக் கறுத்துப்போகிறது. 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் மக்காச்சோளத்தில் படைப்புழு கண்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் தமிழ்நாட்டு வயல்களுக்கும் வந்துவிட்டது.

மூன்றாவது, காடும் ஏரியும் ஆறும். இங்கே இருப்பவை வந்து நாளாகிவிட்டவை. 1877-ல் இந்தியாவுக்குள் வந்ததாகச் சொல்லப்படும் சீமைக்கருவேலம், நம் வாய்மொழியில் வேலிக்காத்தான், பாலாற்றின் நடுவிலேயே காடாக நிற்கிறது. தோட்ட அழகுக்கென்று வந்த உண்ணிச்செடி மலைகளை மூடுகிறது. ஏரிகளில் ஆகாயத்தாமரை.

கால்நடைப் பக்கமும் உண்டு. 1932-லிருந்து ராணிப்பேட்டையில் கால்நடைத் தடுப்பூசி தயாரிக்கும் நிலையம் இருப்பது நம் பக்கத்துக்குப் பெருமை. ஆனால் அது கால்நடை மருத்துவம் படித்தவர்களின் பாதை. இந்தக் கட்டுரையில் அதைத் தொடவில்லை.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து விஷயம் பார்க்கச் சொல்வேன். கையில் இருக்கும் இளநிலைப் பட்டம் எந்தக் கதவைத் திறக்கிறது. மேலே சொன்ன மூன்று இடத்தில் எதற்குக் கொண்டுபோய் விடுகிறது. கட்டணமும், கட்டண ரசீதில் வராத செலவும். வேலை அறிவிக்கையில் அந்தப் பட்டத்தின் பெயர் இருக்கிறதா. கடைசியாக, ஆய்வு வழிகாட்டி யார், அவர் களத்துக்குப் போகிறவரா.

பெரும்பாலோர் மூன்றாவதை மட்டும் பார்க்கிறார்கள். நான் நான்காவதை முதலில் பார்க்கச் சொல்கிறேன். காரணம் எளிது. நம் நாட்டு ஆள்சேர்ப்பு விதிகள் பூச்சியியல், தாவர நோயியல், விலங்கியல், தாவரவியல், வனவியல் என்று பழைய பெயர்களிலேயே நிற்கின்றன. உயிரிப் பாதுகாப்பு என்று பட்டத்தின் தலையில் எழுதியிருந்தால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். விண்ணப்பத்தைச் சரிபார்க்கிற எழுத்தர் தன் பட்டியலில் அந்தச் சொல்லைத் தேடுவார். இல்லையென்றால் தனியே எடுத்து வைத்துவிடுவார். எந்த வேலை வேண்டுமோ அதன் பழைய அறிவிக்கைகள் இரண்டு மூன்றை எடுத்து, ‘அத்தியாவசியத் தகுதி’ என்ற பத்தியைப் படித்துவிட்டுப் படிப்பைத் தேடுங்கள். பலரும் படித்து முடித்த பிறகுதான் அந்தப் பத்தியைப் படிக்கிறார்கள்.

## வழி ஒன்று: உள்ளூரில் எம்.எஸ்சி., ஆய்வேட்டில் அயல் உயிர்

ஊரிஸ், முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி, மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம், சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் என்று பஸ் தூரத்தில் இத்தனை வாசல் இருக்க, இதை ஒரு வழியாகவே யாரும் எண்ணுவதில்லை. எந்த ஆண்டு எங்கே விலங்கியல், எங்கே தாவரவியல் என்பதைச் சேர்க்கை அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். அரசுக் கல்லூரியில் கட்டணம் ஆயிரங்களில் முடியும். சாப்பாடு வீட்டில்.

பாடத்திட்டத்தில் ஊடுருவல் சூழலியல் என்று தனித் தாள் எதிர்பார்க்காதீர்கள். உங்கள் ஆயுதம் ஆய்வேடு. நம் மாவட்டம் இதற்கென்றே படைத்தது போல இருக்கிறது. பாலாற்றில் வேலிக்காத்தானை வெட்டிய இடத்தில் ஒரு வருடம் கழித்து என்ன முளைக்கிறது, வெட்டாத இடத்தில் என்ன இருக்கிறது என்று சதுரம் போட்டு எண்ணலாம். ஆட்டுக்காரர்களோடு நடந்தால் இன்னொன்று தெரியும்: காயை ஆடு தின்கிறது, விதை சாணத்தோடு வேறிடத்தில் விழுகிறது. தென்னந்தோப்பில் சுருள் வெள்ளை ஈயின் குஞ்சுகளில் எத்தனை கறுத்துப்போயிருக்கின்றன என்று லென்ஸ் வைத்து எண்ணலாம்; கறுத்தவை என்கார்சியா என்னும் ஒட்டுண்ணிக் குளவி முட்டையிட்டவை. ஜவ்வாது மலையில் உண்ணிச்செடி இருக்கிறது. சாலையோரப் பார்த்தீனியத்தில், அதைத் தின்னவென்று 1984-ல் பெங்களூரில் விட்ட மெக்சிகோ வண்டு வந்து உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம்.

எனக்குப் பிடித்தது சப்பாத்திக்கள்ளி. பாறைக் குன்றோரத்தில் கள்ளி மடலில் பஞ்சு ஒட்டியது போல வெள்ளையாக இருப்பதை நசுக்கிப் பாருங்கள், விரல் சிவந்துவிடும். கொச்சினீல் பூச்சி. சாயத்துக்காக அதை வளர்க்க வேண்டும் என்று 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னையில் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டைப் பக்கம் கள்ளித் தோட்டமே போட்டார். 1795-ல் பிரேசிலிலிருந்து இந்தியா வந்து சேர்ந்தது வேறு இனம். நல்ல சாயம் தராது, ஆனால் கள்ளியைத் தின்று தீர்த்தது. 1836-38 வாக்கில் அதைத் தெற்கே கொண்டுவந்து கள்ளிக் காட்டை ஒடுக்கினார்கள். பூச்சியைக் கொண்டு களையை அடக்கிய முதல் வெற்றியாகப் பாடநூல்கள் காட்டுவது இதைத்தான். அந்தக் கதை நம் மாகாணத்தில் நடந்தது.

இனி மறைந்த செலவு. புள்ளியியலும் வரைபட மென்பொருளும் நீங்களே கற்க வேண்டியிருக்கும். ஆர், கியூ.ஜி.ஐ.எஸ். என்ற மென்பொருள் இரண்டும் இலவசம், ஆனால் ஆறு மாதப் பொறுமை கேட்கும். மாதிரி எடுக்க ஓட்டிய வண்டிக்குப் பெட்ரோல் உங்களுடையது. வழிகாட்டிக்கு இந்தத் துறையில் ஆர்வம் இல்லையென்றால், “ஏதாவது ஒரு செடியில் பைட்டோகெமிக்கல் பண்ணிடும்மா” என்று, அதாவது செடியின் வேதிப்பொருளைச் சோதிக்கச் சொல்லி, முடித்துவிடுவார். காசு வாங்கிக்கொண்டு ப்ராஜெக்ட் செய்து தரும் கடைகள் எங்கே இருக்கின்றன என்று உங்கள் வகுப்புத் தோழர்களுக்கே தெரியும். அங்கே போனால் இந்த வழியில் இருந்த ஒரே லாபமும் போய்விடும். சேருமுன் துறைக்குப் போய், போன வருட ஆய்வேடுகளின் தலைப்புகளை அலமாரியில் பாருங்கள். கால் மணி நேர வேலைதான்.

வீட்டில் பணம் குறைவு, இளநிலை விலங்கியல் அல்லது தாவரவியல், அடுத்து நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி ஆய்வுக்குப் போகும் எண்ணம் இருக்கிறது என்றால் இதுதான் சிறந்தது. நெட்டில் ஜே.ஆர்.எஃப்., அதாவது ஆய்வு உதவித்தொகை, கிடைத்தால் 2023-லிருந்து மாதம் 37,000 ரூபாய். அதோடு நாட்டின் எந்த நல்ல ஆய்வகத்தின் கதவையும் தட்டலாம்.

## வழி இரண்டு: வேளாண் பூச்சியியல், தாவர நோயியல்

இதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். பி.எஸ்சி. வேளாண்மை அல்லது தோட்டக்கலை இருந்தால் இது உங்கள் வழி. இல்லையென்றால் இந்தக் கதவு அநேகமாகத் திறக்காது. விலங்கியல் படித்துவிட்டு எம்.எஸ்சி. வேளாண் பூச்சியியலுக்கு விண்ணப்பிக்கலாம் என்று நம்பி ஒரு வருடத்தைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கோவை வேளாண் பல்கலைக்கழகம் இந்த வேலையில் பழுத்த இடம். 2008-ல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சியைக் கண்டார்கள். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எல்லாவற்றையும் வெள்ளையாக மூடியது. மருந்தடித்துப் பார்த்து ஓய்ந்த பிறகு, 2010-ல் பெங்களூரு நிறுவனம் ஒன்றின் வழியாக அசெரோஃபேகஸ் பப்பாயே என்னும் சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவியை போர்ட்டோ ரீகோவிலிருந்து வரவழைத்தார்கள். பல்கலைக்கழகமும் வேளாண் அறிவியல் நிலையங்களும் அதைப் பெருக்கி ஊர் ஊராக விட்டன. மாவுப்பூச்சி அடங்கியது. மரவள்ளி மாவுப்பூச்சிக்கும் அதே முறையில் 2022-ல் சேலம் ஏத்தாப்பூரில் வேறொரு குளவியை விட்டார்கள். இந்தக் கைப்பழக்கம் வேறெங்கும் இந்த அளவுக்குக் கிடைக்காது. நம் விரிஞ்சிபுரத்திலும் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சேருவதற்கு முன்னால் ஒரு மாதம் அங்கே போய் வந்தால் இந்த வேலை பிடிக்குமா என்று தெரிந்துவிடும்.

அறிவிக்கையில் பெயர் இருக்கும் பட்டம் இது. பல்கலைக்கழக ஆசிரியர் பணி, வேளாண் விஞ்ஞானி தேர்வு, தாவரத் தொற்றுத்தடுப்பு என எல்லாவற்றிலும். மறைந்த செலவு காலம். தமிழ்நாட்டில் வேளாண் அலுவலர் பணிக்கு இளநிலைப் பட்டமே போதும். அந்த வேலைதான் குறிக்கோள் என்றால் இரண்டு வருட எம்.எஸ்சி. உங்களைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். இன்னொரு குறை, பயிரைத் தாண்டிப் பார்வை போகாது. காட்டிலும் ஏரியிலும் நடப்பது இந்தப் படிப்புக்குக் கொல்லைப்புறம்.

## வழி மூன்று: வனவுயிர், சூழலியல்

மூன்றாவது இடத்தில் நிற்க ஆசைப்படுகிறவர்களுக்கு. ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் வனவுயிரியல் எம்.எஸ்சி. உண்டு. புதுவைப் பல்கலைக்கழகத்தில் சூழலியல், சுற்றுச்சூழல் அறிவியல்; இதற்கு கியூட் என்ற பொது நுழைவுத் தேர்வின் முதுநிலைத் தாள் எழுத வேண்டும். பெங்களூரு என்.சி.பி.எஸ். என்ற தேசிய உயிரியல் ஆய்வு மையத்தில் வனவுயிரியல் எம்.எஸ்சி. 2004-ல் தொடங்கியது; ஒன்றுவிட்டு ஒரு ஆண்டுதான் சேர்க்கை, இடமும் பதினைந்து இருபதுக்குள். டேராடூன் இந்திய வனவுயிர் நிறுவனம் அதைப் போலவே கடினம்.

ஊட்டிக்கு ஒரு சாதகம் உண்டு. வகுப்பறையை விட்டு வெளியே வந்தால் பாடம் நிற்கிறது. சீகை என்று அங்கே சொல்லும் வாட்டில் மரம், ஸ்காட்ச் புரூம் புதர், கீழே இறங்கினால் முதுமலையில் மஞ்சள் கொன்றை. இந்த மஞ்சள் கொன்றையை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்பும் வேலையை வனத்துறை செய்துவருகிறது. மாநில அரசு 2022-ல் ஊடுருவும் தாவரங்களுக்கும் சூழல் மீட்புக்கும் தனிக் கொள்கையே கொண்டுவந்தது. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திலும் அதே ஆண்டுத் திருத்தத்தில் அயல் ஊடுருவும் இனம் என்ற சொல் நுழைந்துவிட்டது. வெட்டுவதற்கு ஆள் இருக்கிறார்கள். எதை முதலில் வெட்டுவது, வெட்டிய பின் என்ன நடுவது, திரும்ப முளைக்காமல் எத்தனை வருடம் காவல் நிற்பது என்று சொல்லத் தெரிந்தவர்கள்தான் குறைவு.

ஆனால் சம்பளப் பக்கத்தை மறைக்கக் கூடாது. படித்து முடித்ததும் கிடைப்பது பெரும்பாலும் ஆறு மாதம், ஒரு வருடத் திட்ட வேலை. திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. பைனாகுலர், நல்ல ஷூ, மழைக்கோட்டு, அட்டைக்கடி, வீட்டுக்கு ஆறு மாதம் வராதது எல்லாம் இந்தப் படிப்பின் செலவுதான். “பொண்ணு காட்டுல என்ன பண்றா?” என்று உறவினர் கேட்பதற்கு அம்மா சொல்லும் பதில்கூட ஒரு செலவுதான். வனச்சரகர், உதவி வனப் பாதுகாவலர், இந்திய வனப் பணி (ஐ.எஃப்.எஸ்.) தேர்வுகளுக்குக் கூடவே படிக்கிறவர்களுக்கு இந்த வழி இரட்டை லாபம். அந்தத் தேர்வுகளை எழுத மாட்டேன், ஆய்வுக்கும் போக மாட்டேன் என்றால் இதில் இறங்க வேண்டாம்.

## வழி நான்கு: பெயரிலேயே உயிரிப் பாதுகாப்பு உள்ள வெளிநாட்டுப் பட்டம்

குடியாத்தத்துப் பெண்ணின் கனவு இது. ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் உயிரிப் பாதுகாப்பும் இயற்கைப் பாதுகாப்பும் சேர்ந்த முதுநிலைப் படிப்பு, பெர்த்தில் மர்டாக் பல்கலைக்கழகத்தில் உயிரிப் பாதுகாப்பு. தென்னாப்பிரிக்காவில் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் 2004-லிருந்து ஊடுருவல் உயிரியலுக்கென்றே ஒரு மையம் இருக்கிறது; அங்கே வகுப்பை விட ஆய்வேடுதான் பிரதானம், வழிகாட்டியை முதலில் பிடிக்க வேண்டும். நம் வேலிக்காத்தானின் பங்காளிகள் அந்த நாட்டு வறண்ட நிலத்தையும் பிடித்திருக்கின்றன என்பதால் நம்மவருக்குப் பொருத்தமான இடம். ஏனோ யாரும் அதைக் கேட்பதில்லை.

அங்கே என்ன கூடுதலாகக் கிடைக்கும்? ஒரு பூச்சி நுழைந்தால் நட்டம் எவ்வளவு, நுழையும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிடும் இடர் மதிப்பீடு. எத்தனை பொறி, எங்கே வைத்தால் முதல் பூச்சியே மாட்டும் என்ற கண்காணிப்பு வடிவமைப்பு. எப்போது ஒழிப்பைக் கைவிட வேண்டும் என்ற பொருளாதாரம். இந்த மூன்றும் நம் எம்.எஸ்சி.களில் மெலிவு. 2015 பிப்ரவரியில் ஆக்லாந்தின் ஒரு குடியிருப்புப் பகுதியில் குவீன்ஸ்லாந்துப் பழ ஈ பொறியில் விழுந்தது. அந்தப் பகுதியிலிருந்து பழம் வெளியே போகத் தடை போட்டு, வீடு வீடாகப் போய்த் தேடி, அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஒழித்துவிட்டதாக அறிவித்தார்கள். நம் படைப்புழுக் கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆனால் அதே மூச்சில் இதையும் சொல்ல வேண்டும்: கடல் சூழ்ந்த தீவின் முறை, மாநில எல்லையில் வெறும் சுங்கச்சாவடி மட்டும் இருக்கும் நாட்டுக்கு அப்படியே பொருந்தாது. அங்கே படித்ததில் பாதியை இங்கே வந்து மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

பணத்துக்கு வருவோம். ஆக்லாந்திலோ பெர்த்திலோ ஆண்டுக் கட்டணம் மட்டும் இருபது லட்சத்தை ஒட்டி வரும், தாண்டவும் செய்யும். வாழ்க்கைச் செலவுக்கு நியூசிலாந்து விசாவில் ஆண்டுக்கு 20,000 நியூசிலாந்து டாலர் கையிருப்புக் காட்டச் சொல்கிறார்கள். வங்கியில் பொதுவாக ஏழரை லட்சம் வரை சொத்துப் பிணை இல்லை. அதற்கு மேல் வீட்டுப் பத்திரம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: 25 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, பத்து வருடம் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 34,400 ரூபாய். திரும்பி வந்து ஜே.ஆர்.எஃப். வாங்கினால் 37,000. மிச்சம் 2,600-ல் மாதம் ஓட்டணும்.

கட்டணத்தை விடப் பெரிய மறைபொருள் ஒன்று. உயிரிப் பாதுகாப்பில் பெரிய முதலாளி அரசுதான். ஆஸ்திரேலிய மத்திய அரசுப் பணிக்குப் பொதுவாக அந்நாட்டுக் குடியுரிமை கேட்பார்கள். படித்த படிப்புக்கு நேரான வேலை கண் முன்னால் இருக்கும், விண்ணப்பிக்க முடியாது. மிஞ்சுவது ஆலோசனை நிறுவனங்கள், பழத்தோட்டங்கள், ஆய்வு. ஊர் திரும்பினால் அரசு வேலைக்கும் கல்லூரி வேலைக்கும், அந்தப் பட்டம் இங்குள்ள பட்டத்துக்குச் சமம் என்ற இணைத்தன்மைச் சான்று வாங்க வேண்டும், பிறகு முன்னே சொன்ன அறிவிக்கைப் பெயர்ச் சிக்கல்.

சின்னச் செலவும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அம்மா கட்டிக்கொடுத்த கருவாடும், வீட்டுத் தோட்டத்துக் கறிவேப்பிலையும் பையில் இருப்பதை நியூசிலாந்து விமான நிலையத்தில் படிவத்தில் எழுதாமல் விட்டால் 400 டாலர் அபராதம். உயிரிப் பாதுகாப்புப் படிக்கப் போன பிள்ளைக்கே முதல் பாடம் அங்கேதான் நடக்கும்.

உதவித்தொகை கிடைத்தால் இந்தக் கணக்கு தலைகீழாக மாறும். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு மாநில அரசும் மத்திய அரசும் அயல்நாட்டு மேற்படிப்புக்குத் தனித் திட்டங்கள் வைத்திருக்கின்றன. தகுதி இருந்தும் கேட்காமல் விடுகிறவர்கள் நம் பக்கம் அதிகம். தாலுகா அலுவலகத்தில் வருமானச் சான்று, சாதிச் சான்று எடுக்கும் வேலையை முதலில் முடியுங்கள். உதவித்தொகை இல்லை, அந்த நாட்டில் குடியேறும் திட்டமும் இல்லை என்றால், முதுநிலையை இங்கே முடித்துவிட்டு ஆய்வுப் பட்டத்துக்கு அங்கே போங்கள். முனைவர் பட்டத்துக்கு அவர்கள் உங்களுக்குப் பணம் தருவார்கள். முதுநிலைக்கு நீங்கள் அவர்களுக்குத் தருகிறீர்கள்.

## ஒரே பார்வையில்

| | உள்ளூர் எம்.எஸ்சி. | வேளாண் பூச்சியியல் | வனவுயிர், சூழலியல் | வெளிநாடு |
|---|---|---|---|---|
| யாருக்குத் திறக்கும் | விலங்கியல், தாவரவியல் | வேளாண்மை, தோட்டக்கலை மட்டும் | பெரும்பாலான அறிவியல் பட்டங்கள் | ஏறக்குறைய எல்லோருக்கும் |
| எந்த இடம் | ஆய்வேட்டைப் பொறுத்தது | வயல், ஓரளவு வாசல் | காடு, ஏரி, ஆறு | வாசல், கண்காணிப்பு |
| பணம் | ஆயிரங்கள் | நடுத்தரம் | குறைவு முதல் நடுத்தரம் | பல லட்சம் |
| ரசீதில் வராதது | சுயமாகக் கற்கும் நேரம் | இரண்டு ஆண்டு | நிலையற்ற வேலை | தவணை, குடியுரிமைத் தடை |
| அறிவிக்கையில் பெயர் | உண்டு | மிகத் தெளிவாக உண்டு | சிலவற்றில் | அரிது |

வேலை இருக்குமா என்ற கேள்வி மூவருக்கும் உள்ளே ஓடுகிறது. அயல் ஊடுருவும் இனங்களைப் பற்றி 2023-ல் வந்த பன்னாட்டு மதிப்பீட்டு அறிக்கை, மனிதர் வழியாக இடம் மாறி நிலைத்த இனங்கள் 37,000-க்கு மேல், அதில் கெடுதல் செய்பவை 3,500-க்கு மேல், ஆண்டு நட்டம் 423 பில்லியன் டாலருக்கு மேல் என்கிறது. இதைப் பார்த்து வேலை குவிகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிரச்சினை பெரிதாக இருப்பது வேறு, பணியிடம் இருப்பது வேறு. நம் ஊரில் பணியிடம் இன்னும் பழைய பெயர்களுக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

## கேட்ட மூவருக்கு

ஆரணித் தம்பிக்கு: யோசிக்காமல் வழி இரண்டு. வேளாண் அலுவலர் தேர்வு அறிவிப்பு இடையில் வந்தால் அதையும் எழுது. பூச்சியியல் முடித்து, ஒட்டுண்ணி வளர்ப்பு கைக்கு வந்த பிறகு வெளிநாட்டுக்கு விண்ணப்பித்தால் உன்னைப் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும்.

குடியாத்தத்துப் பெண்ணுக்கு: வழி ஒன்று, கூடவே ஊட்டிக்கும் புதுவைக்கும் ஒரு விண்ணப்பம். கியூட் முதுநிலைக்கு வழக்கமாக டிசம்பர், ஜனவரி வாக்கில் விண்ணப்பம், மார்ச்சில் தேர்வு, அதைத் தவறவிடாதே. அப்பாவுக்குச் சொல்ல வேண்டிய பதில் உங்கள் வீட்டுத் தென்னையிலேயே இருக்கும். மட்டையைத் திருப்பி அந்த வெள்ளைச் சுருளைக் காட்டு, இது 2016-க்கு முன்னால் இங்கே இல்லை, வராமல் தடுப்பதுதான் இந்த செக்யூரிட்டி என்று சொல். ஆக்லாந்து எங்கும் ஓடிவிடாது.

ராணிப்பேட்டை நண்பருக்கு: வேலையை விடாதீர்கள். நீங்கள் ஏற்கெனவே வாசலில்தான் நிற்கிறீர்கள், பேலட் முத்திரைக் காகிதம் உங்கள் மேசை வழியாகத்தான் போகிறது. ஹைதராபாத்தில் மத்திய அரசின் தாவர நல மேலாண்மை நிறுவனம் தொற்றுத்தடுப்புப் புகையூட்டலுக்கு 15 நாள் பயிற்சி நடத்துகிறது. அதில் சேரத் தகுதி என்ன, கட்டணம் என்ன என்று கேளுங்கள், விடுப்புக்கு எழுதிப் போடுங்கள். போய் வந்த பிறகும் எம்.எஸ்சி. ஆசை இருந்தால் அப்போது மறுபடி எழுதுங்கள்.